பக்கத்து வீட்டு அலாரம்

காலை 6.40க்குக் கைப்பேசி ஒலித்தால் அது நல்ல செய்தியாக இருக்காது என்பது மென்பொருள் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். 2013ஆம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை எனக்கு அப்படியோர் அழைப்பு வந்தது. ஜொகூரில் ஒரு தொழிற்சாலைக்கு நாங்கள் வருகைப் பதிவு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். அதன் வாசல் ஜாகா பேசினார்.

“மிஸ், கம்ப்யூட்டர் ஓடல. வாசல்ல நூறு பேருக்கு மேல நிக்கிறாங்க. நான் என்ன செய்யட்டும்?”

ஏழு மணிக்கு ஷிப்டு தொடங்கும். பசியாறக்கூட இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது மணி 7.20. வாசலில் நீண்ட வரிசை. நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் எனப் பல நாட்டுத் தொழிலாளர்கள். நம்மவர்களும் கொஞ்சம் பேர். சூப்பர்வைசர் ஒரு பழைய டெலிவரி ரசீதின் பின்பக்கத்தில் ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். சிலர் பொறுமை இழந்து எழுதாமலே உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

காவல் சாவடியில் இருந்த இரண்டு கணினிகளும் பழையவை. இரண்டிலும் விண்டோஸ் எக்ஸ்பி. திரையில் ஒரு சிறு பெட்டி. கெர்னல்32 என்ற கோப்பில் ‘கெட் டிக் கவுண்ட் 64’ என்பதைக் காணவில்லை என்று அதில் எழுதியிருந்தது. சரி என்பதை அழுத்தினால் பெட்டி மறையும். மறுபடி நிரலைத் திறந்தால் அதே பெட்டி.

மடிக்கணினியில் பழைய பதிப்பு இருந்தது. அதை ஏற்றி இரண்டு கணினிகளையும் ஓட வைக்க 7.50 ஆகிவிட்டது. தவறு யாருடையது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். முந்தின வாரம் புதிய பதிப்பை எழுதியது நான்தான்.

மூன்று விநாடிக்காக

புதிய பதிப்பு எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். தொழிலாளர்கள் அட்டையை இயந்திரத்தில் தொட்டு உள்ளே போவார்கள். அவசரத்தில் சிலர் இரண்டு முறை தொட்டுவிடுவார்கள். முதல் தொடுதல் ‘உள்ளே’ என்றும் இரண்டாவது ‘வெளியே’ என்றும் பதிவாகிவிடும். நாள் முழுக்க வேலை செய்தவர், வந்த விநாடியே திரும்பிப் போனதாகக் கணக்குக் காட்டும். இதைத் திருத்தச் சொன்னார்கள். தீர்வு எளிது. ஒரே அட்டை மூன்று விநாடிக்குள் மறுபடி தொடப்பட்டால், இரண்டாவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

கணினியில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, இப்போதைய மணியிலிருந்து முந்தைய மணியைக் கழித்தால் போதாதா என்று கேட்பீர்கள். அங்கே ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பழைய கணினிகளில் ஒன்றின் உள்பேட்டரி செத்துப்போயிருந்தது. அதன் கடிகாரம் தாறுமாறாக ஓடும். சர்வர் அவ்வப்போது அதைச் சரிசெய்யும். அப்படிச் சரிசெய்யும்போது மணி பின்னோக்கிக் குதிக்கும். முதல் தொடுதல் 7.05, இரண்டாவது தொடுதல் 7.01 என்று வந்தால் கழித்தல் கணக்கு என்ன ஆகும்?

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது ‘இப்போது மணி என்ன’ என்று சொல்லும் கடிகாரம் அல்ல. ‘எவ்வளவு நேரம் கழிந்தது’ என்று சொல்லும் கடிகாரம். சுவர்க் கடிகாரமும் ஓட்டப்பந்தயத்தில் அழுத்தும் நிறுத்துக் கடிகாரமும் வேறு வேறு அல்லவா? கணினிக்குள்ளும் இந்த இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டாவது வகை பின்னோக்கிப் போகாது. மணியை யார் மாற்றினாலும் அது தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகும்.

இதுவரை என் யோசனை சரி. அடுத்துச் செய்ததுதான் தவறு. எங்கள் மென்பொருள் மூன்று இடங்களில் ஓட வேண்டியிருந்தது. காவல் சாவடியில் விண்டோஸ். புதிய வாசலில் ராஸ்பெரி பை என்ற சிறிய கணினி, அதில் லினக்ஸ். வாடிக்கையாளர்களிடம் காட்டுவதற்கு எங்கள் முதலாளியின் மேக் மடிக்கணினி. மூன்றிலும் நேரத்தைக் கேட்கும் முறை வேறு வேறு. விண்டோஸ் தன் உள்கணக்கை 1601 ஜனவரி 1லிருந்து தொடங்குகிறது. யூனிக்ஸ் வழி வந்த லினக்ஸும் மேக்கும் 1970 ஜனவரி 1லிருந்து எண்ணுகின்றன. செயற்கூறுகளின் பெயரும் வேறு, விடையின் அளவும் வேறு.

இதையெல்லாம் படிக்கச் சோம்பல்பட்டு, இணையத்தில் கிடைத்த ஒரு பெரிய லைப்ரரியை எடுத்து நிரலோடு சேர்த்துவிட்டேன். லைப்ரரி என்றால் பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு. ஒரே வரியில் வேலை முடிந்தது. என் கணினி விண்டோஸ் 7. அதில் சோதித்தேன், அழகாக ஓடியது. வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த லைப்ரரி உள்ளுக்குள் ‘கெட் டிக் கவுண்ட் 64’ என்ற செயற்கூற்றை அழைத்தது. அது விண்டோஸ் விஸ்டாவில்தான் அறிமுகமானது. எக்ஸ்பியில் அது கிடையாது. ஒரு நிரல் தொடங்கும்போது அதற்கு வேண்டிய செயற்கூறுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று விண்டோஸ் முதலில் பார்க்கும். ஒன்று இல்லையென்றாலும் நிரலை உள்ளேயே விடாது. என் நிரலின் முதல் வரிகூட ஓடவில்லை. அதனால் என்ன கோளாறு என்று அது எங்கும் எழுதி வைக்கவும் இல்லை.

வாத்தியக் கோஷ்டி எதற்கு?

அன்று மாலை அலுவலகத்தில் மூத்த பொறியாளர் ஒருவரோடு உட்கார்ந்தேன். எங்கள் எல்லாருக்கும் அவர் ‘அண்ணன்’தான். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

“லைப்ரரியைத் தூக்கிடறேன் அண்ணே. ‘டைம் கெட் டைம்’னு ஒண்ணு இருக்கு. எக்ஸ்பியிலயும் ஓடும். மில்லி விநாடி சுத்தமா இருக்கும்” என்றேன்.

“அது எந்தக் கோப்புல இருக்கு?”

பார்த்தேன். ‘வின்எம்எம்’ என்ற கோப்பு. ஒலி, இசை போன்ற பல்லூடக வேலைகளுக்காக விண்டோஸில் இருப்பது.

அவர் சிரித்துவிட்டார். “ஏம்மா, மூணு விநாடி அளக்கறதுக்கு எதுக்கும்மா வாத்தியக் கோஷ்டியைக் கூட்டிட்டு வர்ற?”

பிறகு ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகள் எழுதினார். நமக்கு என்ன தேவை? எவ்வளவு துல்லியமாகத் தேவை? அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா?

தேவை, கழிந்த நேரம். துல்லியம், மூன்று விநாடியை அறியும் அளவு. பத்து, பதினாறு மில்லி விநாடி முன்பின் போனாலும் ஒன்றும் ஆகாது. வீட்டில் இருக்கிறதா? இருந்தது. ‘கெட் டிக் கவுண்ட்’, அந்த 64 என்ற வால் இல்லாத பழைய செயற்கூறு. கணினியை இயக்கியதிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று அது சொல்லும். எக்ஸ்பியிலும் உண்டு, அதற்குப் பின்வந்த விண்டோஸ்களிலும் உண்டு. அது இருக்கும் கெர்னல்32 என்ற கோப்பு எங்கள் நிரல் ஓடும்போது எப்படியும் உடன் இருக்கும். நாம் தனியாக எதையும் கொண்டுபோக வேண்டியதில்லை.

“ஆனா அது 49 நாள்ல முட்டிக்குமே அண்ணே?” என்றேன். அதுவும் உண்மைதான். அந்தச் செயற்கூறு 32 பிட் எண்ணில் எண்ணுகிறது. சுமார் 429 கோடி மில்லி விநாடி ஆனதும், அதாவது 49 நாள் 17 மணி நேரத்தில், எண் மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும். விண்டோஸ் 95இல் இதே வகைக் கணக்கால் 49.7 நாள் தொடர்ந்து ஓடிய கணினி உறைந்துபோகும் கோளாறு இருந்தது. மைக்ரோசாப்ட் அதற்குத் திருத்தம் வெளியிட்டது.

அண்ணன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். “பதினோரு மணிக்குப் படுத்து ரெண்டு மணிக்கு எழுந்தா எத்தனை மணி நேரம் தூங்கின?”

“மூணு.”

“ரெண்டுலேருந்து பதினொண்ணு போனா மைனஸ் ஒன்பதுன்னு சொல்லலையே? பன்னெண்டு ஆனதும் சுத்தி வரும்னு உனக்குத் தெரியும். அதே மாதிரி கழி.”

குறி இல்லாத முழு எண்ணாக வைத்துக் கழித்தால் கணினியும் அப்படித்தான் கணக்குப் போடும். எண் சுற்றி வந்தாலும் விடை சரியாகவே இருக்கும். ‘இந்த எண் அந்த எண்ணைவிடப் பெரியதா’ என்று ஒப்பிட்டால்தான் தவறும். கழித்துப் பார்த்தால் தவறாது. இரண்டு தொடுதல்களுக்கு நடுவே 49 நாள் ஆகிவிட்டால்? அந்த அட்டையைப் பழைய கணக்கிலிருந்து நீக்கிவிட ஒரு வரி போதும்.

லினக்ஸில் ‘கிளாக் கெட் டைம்’ என்பதை எடுத்துக்கொண்டோம். கழிந்த நேரத்தை மட்டும் எண்ணும் கடிகாரத்தையும் அதனிடம் கேட்கலாம். அந்த நாளைய லினக்ஸ் பதிப்புகளில் இதற்கு ‘லிப்ஆர்டி’ என்ற துணைக் கோப்பை இணைக்க வேண்டியிருந்தது. 2012 டிசம்பரில் வந்த ஜிலிப்சி 2.17இல் அந்தத் தேவை போய்விட்டது. ஆனால் எங்கள் ராஸ்பெரி பையில் இருந்தது அதற்கு முந்தியது. “இதுவும் துணைக் கோப்புதானே?” என்று கேட்டேன். “இது சிஸ்டத்தோடயே வர்றது. அடுத்த அறையில இருக்கிற சாமான். அடுத்த ஊர்ல இருக்கிறது இல்ல” என்றார். மேக்கில் அப்போது ‘கிளாக் கெட் டைம்’ கிடையாது. 2016இல்தான் வந்தது. அதனால் அங்கே ஆப்பிளுக்கே உரிய வேறொரு செயற்கூறு.

பதிவில் எழுத வேண்டிய நாள், மணி? அதற்குச் சி மொழியோடு பிறந்த ‘டைம்’ என்ற செயற்கூறே போதும். விநாடி அளவில் சொல்லும். மூன்றிலும் உண்டு.

எல்லாம் சேர்ந்து நாற்பது வரிகூட வரவில்லை. லைப்ரரி போனதும் எங்கள் நிரலின் அளவும் இளைத்துவிட்டது.

அம்மாவின் பெரட்டு

அந்த வாரக் கடைசியில் அம்மாவைப் பார்க்கப் போனபோது இந்தக் கதையைச் சொன்னேன். கெர்னலும் லைப்ரரியும் அவருக்கு எதற்கு? “வாசல்ல நின்னு பேர எழுதினாங்கம்மா” என்று மட்டும் சொன்னேன். அது அவருக்கு உடனே புரிந்தது.

அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். கிராணி பேர் கூப்பிடும்போது இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை. தோட்டத்தில் விடியற்காலையில் ஜாகா மணி அடிப்பார். எல்லா லயத்துக்கும் கேட்கும். அதைக் கேட்டு எழுந்தால் போதும். ஆனால் பக்கத்து வீட்டில் புதிதாக அலாரம் கடிகாரம் வாங்கினார்கள். அந்த வீட்டு அக்கா, “மணி அடிக்கிறதுக்கு முன்னாலயே எந்திரிக்கிறியே, என் அலாரம் அடிச்சதும் சுவத்தைத் தட்டறேன், அதுவரைக்கும் தூங்கு” என்றாராம். கைக்குழந்தையாக நான் இருந்த காலம். கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாமே என்று அம்மாவும் பழகிவிட்டார். நாளடைவில் ஜாகாவின் மணி காதில் விழுந்தாலும் எழுந்திருப்பதில்லை. சுவர் தட்டப்படும் வரை காத்திருப்பார்.

ஒரு நாள் அந்த வீட்டார் ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். முந்தின இரவு சொல்லவும் மறந்துவிட்டார்கள். அம்மா கண்விழித்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. ஓடிப்போய் நின்றாலும் கிராணி பேரேட்டை மூடிவிட்டார்.

“அவங்க மேல என்ன தப்பு? அவங்க வீட்டு அலாரம், அவங்க வீட்டுக் கல்யாணம். எல்லாருக்கும் அடிக்கிற மணிய விட்டுட்டு நாந்தான் சுவத்தப் பாத்துக் கெடந்தேன்” என்றார் அம்மா.

அந்த லைப்ரரியை எழுதியவர்மீது எனக்கிருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் அப்போது போயிற்று. அவர் தம் வசதிக்கு எழுதினார். எக்ஸ்பியைக் கைவிடுவது அவர் உரிமை. அதை இலவசமாகக் கொடுக்கவும் செய்தார். என் வாடிக்கையாளரின் வாசலில் எந்தக் கணினி இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியது நான்.

கடன் வாங்க வேண்டிய இடம்

இதைப் படித்துவிட்டு, இனி எதையும் வெளியிலிருந்து எடுக்கக் கூடாது என்று இளம் நிரலாளர்கள் முடிவு கட்ட வேண்டாம். நானே அப்படி ஒரு வருடம் வீம்பாக இருந்தேன். அதையும் அண்ணன்தான் திருத்தினார்.

ஒரு வாடிக்கையாளருக்குச் சிட்னியில் கிளை இருந்தது. அங்கே கோடைக் காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அந்தக் கணக்கை நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

“நம்ம ஊரு நேரத்தையே உன்னால எழுத முடியாதும்மா” என்றார் அண்ணன்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தேடிப் பார்த்தேன். நம் தீபகற்பமும் சிங்கப்பூரும் 1933இல் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி 20 நிமிடம் முன்னே இருந்தன. 1941இல் அது ஏழரை மணி ஆனது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரப்படி ஒன்பது மணி. 1945இல் மறுபடி ஏழரை. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12க்குத் தள்ளி வைத்தார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்பதற்காக மலேசியா மாற்றியது. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அந்தப் புத்தாண்டுக்குப் பின் சில நாள் எல்லாமே இருட்டாக இருந்ததாக அம்மாவுக்கு நினைவிருக்கிறது. கடிகாரம் அரை மணி முன்னே போனது, சேவல் போகவில்லை என்பார்.

உலகம் முழுதும் இப்படி நடந்த மாற்றங்களைத் தொகுத்து வைத்திருக்கும் நேர மண்டலத் தரவுத்தளம் ஒன்று உண்டு. அரசாங்கங்கள் மணியை மாற்றும்போதெல்லாம் அதைப் புதுப்பிக்கிறார்கள். லினக்ஸும் மேக்கும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அதை நான் தனியாக எழுதியிருந்தால் அடுத்த ஆண்டே பிழையாகியிருக்கும். அங்கே கடன் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மூன்று விநாடியைக் கழிக்கத்தான் கடன் தேவையில்லை.

2016 மார்ச்சில் நடந்த ஒன்று பலருக்கு நினைவிருக்கலாம். ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பித் தரும் ‘லெஃப்ட்பேட்’ என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நேராகவும் சுற்றி வளைத்தும் நம்பியிருந்த ஏராளமான மென்பொருள்களைப் புதிதாகக் கட்ட முடியாமல் நிரலாளர்கள் திகைத்து நின்றார்கள். அவர்களில் பலருக்கு அப்படியொரு நிரல் தங்கள் மென்பொருளுக்குள் இருப்பதே தெரியாது.

இப்போது என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். இன்றைய சி++ மொழியின் தர நூலகத்திலேயே பின்னோக்கிப் போகாத கடிகாரம் இருக்கிறது. நான் அன்று பட்ட பாடு அவர்களுக்கு வேண்டாம். ஆனாலும் யாராவது புதிதாக ஒரு லைப்ரரியைச் சேர்க்கும்போது அண்ணனின் மூன்று கேள்விகளையும் கேட்கிறேன். கூடவே நான்காவதாக ஒன்று: ‘இது ஓடப்போகும் இடத்தில் இருக்கும் மிகப் பழைய கணினி எது? அதில் போட்டுப் பார்த்தாயா?’

அந்தத் திங்கட்கிழமையின் கதை அன்றோடு முடியவில்லை. அடுத்த மாதச் சம்பளம் போட்டபோது நான்கு பேரின் பெயர் ரசீதுத் தாளில் இல்லை என்று தெரிந்தது. கூட்டத்தில் எழுதாமல் உள்ளே போனவர்கள். ஒரு நாள் வரவில்லை என்று கணக்காகி, முழு வருகைக்கான ஊக்கத்தொகை அவர்களுக்கு வெட்டுப்பட்டிருந்தது. ஐம்பது ரிங்கிட். கோளாறு எங்களுடையது என்று எங்கள் நிறுவனத்தின் சார்பில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்று பேருக்கு அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்தார்கள்.

நான்காமவர் நேப்பாளி. கடிதம் போய்ச் சேர்வதற்குள் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். அவர் முகத்தை நான் அன்று வரிசையில் பார்த்திருக்கக்கூடும். நினைவில்லை. பெயர் மட்டும் தெரியும். அந்தப் பெயரில் அன்றைக்கு ‘உள்ளே’ என்று ஒரு வரியை நானே பதிவில் சேர்த்துவிட்டு வந்தேன்.